பத்தாவது வட்டம்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் ஊரில் எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அத்தான் என்பேன். அதையும் அதிகம் சொன்னதில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அத்தான் என்று ஒரு சொல்லைச் செருக இடம் கிடைப்பது அபூர்வம்.

கடற்கரைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போய் இடங்களைக் காட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை தொங்கும். அதில் அவர் படம், கீழே 'அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி' என்ற எழுத்து, ஓரத்தில் சுற்றுலா அலுவலகத்தின் முத்திரை. படத்திலும் வாய் லேசாகத் திறந்துதான் இருக்கும். ஒரு நொடி மூடுங்கள் என்று படம் பிடித்தவர் எவ்வளவோ கெஞ்சினாராம். குளிக்கும்போது மட்டும் அட்டையைக் கழற்றிக் கதவுக் கொண்டியில் மாட்டுவார். குளித்து வந்ததும் முதலில் அட்டை ஏறும், பிறகுதான் சட்டை. அட்டை இல்லாமல் பேசினால் அது வெறும் பேச்சு, அட்டையோடு பேசினால் அது தகவல் என்பது அவர் கட்சி.

நான் கடலை ஒட்டிய ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். ஊருக்கு வருகிறவர்கள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. படுக்கை விரிப்பை உதறினாலே தெரிந்துவிடும். பொடிமணல் கொட்டினால் குளிக்கும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். சிப்பித் தூள் கொட்டினால் பாறைப் பக்கம். ஒன்றுமே கொட்டாவிட்டால் அறையிலேயே படுத்துக் கடலைச் செல்போனில் பார்த்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு தலையணை மேலும் ஒரு நோட்டீஸ் வைப்பது என் வேலைகளில் ஒன்று. 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று மேலே போட்டிருக்கும். நடுவில் கடல் படம், இரண்டு பக்கமும் ஐந்தைந்து வட்டங்கள், வட்டத்துக்குள் இடங்களின் பெயர். எழுதியவர் அத்தான். அதில் முதல் வட்டம் சூரியோதயப் பாறை, இரண்டாவது வட்டம் அஸ்தமனப் பாறை. பாறை ஒன்றுதான், உட்காருகிற பக்கம்தான் வேறு. காலையில் ஒரு கூட்டத்தை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார். சாயங்காலம் அதே கூட்டத்தை ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வேறு வழியாக அழைத்து வந்து மறுபக்கம் உட்கார வைப்பார். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே படம் எடுக்கிறார்கள்.

மூன்றாவது வட்டம் முதலைக் குளம். குளத்தில் ஒரு முதலை உண்டு. நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அது ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதன் வயது ஐம்பது. வயதானவர்கள் வந்தால் அவர்கள் மனம் குளிர நூற்றிருபது. கலங்கரை விளக்கத்தைக் கீழே நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படிக்கட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. கண்ணாடி அடிப் படகில் போனால் கடலுக்கடியில் உள்ளதைப் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கீறல். அதன் வழியாகப் பார்த்தவர்கள் எல்லாம் மீனைப் பார்த்ததாகவே சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிட்டார் என்றால் தான் பார்க்கவில்லை என்று யார் சொல்வார்கள்? நூறு தென்னைத் தோப்பில் நாற்பத்தொரு மரம் நிற்கிறது. விழுந்தவற்றையும் சேர்த்துத்தான் நூறு என்பார் அத்தான், இறந்தவர்களும் குடும்பத்தில் சேர்த்திதானே என்று. சிப்பி அருங்காட்சியகத்தில் அக்காதான் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே நுழைந்தால் அருங்காட்சியகம், வெளியே வரும் வழியில் கடை. சிப்பிகள் வேறு ஏதோ கடற்கரையிலிருந்து மூட்டையில் வருகின்றன. எங்கள் கடற்கரைச் சிப்பிகளைப் போன வருஷங்களில் வந்தவர்கள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எப்படி எண்ணினாலும் ஊரில் ஒன்பது இடம்தான் தேறியது. ஆனால் அச்சகத்தில் இருந்த அச்சில் பத்து வட்டம். அச்சகக்காரர் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும் என்றாராம். வேறு யாராக இருந்தாலும் ஒரு பூவைப் போடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அத்தானால் காலியான எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பேர் நடுவே கொஞ்சம் மௌனம் விழுந்தால்கூட அவர்தான் அதில் ஏறி உட்காருவார். அச்சகத்தில் நின்றபடியே பத்தாவது வட்டத்தில் 'அமைதி முனை' என்று எழுதிக் கொடுத்தார். கீழே ஒரு வரி வேறு: 'இங்கே கடல் பேசும், நாம் கேட்போம்.'

அப்படி ஓர் இடம் கிடையாது. ஆறு வருஷம் அதை வைத்து ஓட்டினார். யாராவது கேட்டால் இன்றைக்கு அலை அதிகம் என்பார். இன்னொரு நாள் காற்று சரியில்லை. போன மாதம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம், அடுத்த மாதம் வந்தாலும் பார்க்கலாம். கேட்டவர்களும் விட்டுவிடுவார்கள். ஒன்பது இடம் பார்த்த களைப்பில் பத்தாவது இல்லை என்பது அவர்களுக்கு நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

ஏழாம் எண் அறைக்கு ஓர் அம்மாள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தலையணை மேல் வைத்த நோட்டீஸை அவர்கள் அறைச் சுவரில் இருந்த கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்தார்கள். ஓர் இடத்தைப் பார்த்து வந்ததும் அந்த வட்டத்தில் சிவப்பு மையால் சரி போடுவார்கள். நான் தினமும் கண்ணாடி துடைக்கும்போது பார்ப்பேன். நான்கு சரி, ஆறு சரி, ஒன்பது சரி. ஒன்பதுக்குப் பிறகு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார்கள். கடைசி நாள் கண்ணாடியில் நோட்டீஸ் இல்லை. பத்தாவது வட்டத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டு, ஒரு கடிதத்தோடு சுற்றுலா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அலுவலகத்திலிருந்து அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வருவார். பத்து இடத்தையும் காட்ட வேண்டும். பத்தும் இருந்தால் அட்டை கழுத்தில் இருக்கும். ஒன்று குறைந்தாலும் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போகலாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் திட்டினாள், பிறகு இந்த ஊரில் ஓர் அமைதியான மூலையைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய காரியமா என்றாள்.

பெரிய காரியமாகத்தான் இருந்தது. செவ்வாயும் புதனும் அத்தான் காலில் செருப்பு தேய அலைந்தார். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஐஸ்கிரீம் வண்டிகள் மணியடித்தன. தோப்புக்குப் பக்கத்தில் புது ஓட்டலின் ஜெனரேட்டர். கிழக்கே மணல் நீளமாகப் போகிறதே என்று போனால் அங்கே தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டிகள். பெரிய ஓட்டல் ஒன்றில் தியானம் சொல்லித்தருகிறார்கள், அங்கேயாவது இருக்கும் என்று எட்டிப் பார்த்தார். அமைதியாக இருங்கள் என்று ஒருவர் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கடல் பேசுவதைக் கேட்க இந்த ஊரில் ஓர் இடமும் இல்லை. கடல் என்ன, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இருபத்திரண்டு வருஷமாக அவரே சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் இது அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் அவர் அட்டையைக் கையில் எடுத்து முந்தானை நுனியால் துடைத்துக் கொடு என்று அக்காவிடம் நீட்டினார். நாளைக்குக் கொடுக்கப் போகிற பொருள் அழுக்காக இருக்கக்கூடாதாம். அக்கா துடைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல சத்தமே இல்லாத இடம் ஒண்ணுதாங்க இருக்கு. என் தங்கச்சி வாய். வேணா நாளைக்கு அந்த ஆபீசரைக் கூட்டிட்டு வந்து இவளைக் காட்டுங்க."

அத்தான் சிரிக்கவில்லை. வழக்கமாக என்னைப் பார்த்தால் ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஒரு முறையாவது சொல்வார். அன்றைக்கு அதையும் சொல்லவில்லை. அவர் கழுத்து வெறுமையாக இருந்தது. நாடா உரசி உரசி அங்கே ஒரு கோடு விழுந்து, அந்தக் கோட்டில் மட்டும் தோல் வெளுத்திருந்தது. நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

லாட்ஜின் பின்புறம் துணி காயப்போடும் இடம் இருக்கிறது. அதைத் தாண்டி, முடிக்காமல் விட்ட படகுத் துறையின் மிச்சமாக ஒரு சிமெண்ட் மேடை. மூன்று பக்கமும் ஆள் உயரச் சுவர், துணிக் கொடிப் பக்கம் மட்டும் சுவரில் நுழைய ஒரு திறப்பு, நான்காவது பக்கம் கடல். ஊர்ச் சத்தம் சுவரில் முட்டித் திரும்பிவிடும். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை, விரிப்புகள் காயும் நேரத்தில் நான் அங்கே போய் உட்காருவேன். ஒன்றும் செய்ய மாட்டேன். ஒன்பது வருஷமாகப் போகிறேன். யாருக்கும் தெரியாது, அக்காவுக்குக்கூட. தெரிந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது வேலை சொல்லிவிடுவாள்.

நான் அட்டையையும் பார்த்தேன், அந்தக் கோட்டையும் பார்த்தேன்.

"எங்க லாட்ஜுக்குப் பின்னாடி ஒரு இடம் இருக்கு அத்தான்" என்றேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். கனத்த உடம்பு, இறுக்கமான ஷூ, கையில் கிளிப் வைத்த பலகை, இரண்டு செல்போன். காலையிலிருந்து அத்தான் அவரை இழுத்துக்கொண்டு சுற்றினார். பாறையின் இரண்டு பக்கத்தையும் பார்த்து அதிகாரி இரண்டு சரி போட்டாராம். முதலை நூற்றிருபது வயதாகியும் மூச்சு விட்டதாம், அதற்கும் சரி. அலுவலகத்துக்கு வேண்டியது இடங்கள்தான், இடங்களில் என்ன இருக்கிறது என்பது வேறு பிரிவின் வேலையாம்.

அவர்கள் மேடைக்கு வரும்போது மணி இரண்டரை. நான் காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன். கொடியில் இரண்டு விரிப்புக்கு இடையே ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், எனக்கு எல்லாம் தெரியும்.

அதிகாரி வியர்த்துப்போய் மேடையில் உட்கார்ந்தார். அத்தான் அட்டையைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, இந்த மேடையை யார் எந்தக் காலத்தில் கட்டினார்கள் என்று ஆரம்பித்தார். லாட்ஜ் முதலாளியின் மைத்துனர் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டது அது. அத்தான் வாயில் அது ஏதோ ஒரு கடற்படைத் தளபதியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி கையைத் தூக்கினார். "சார், கொஞ்சம் பேசாம இருங்களேன்."

அத்தான் நின்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது அலை வந்துபோனது. அவர் உதடுகள் இரண்டும் மூடிய பாத்திரத்துக்குள் கொதிக்கிற தண்ணீர் மாதிரி துடித்தன. ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பதாவது அலையில் அதிகாரி ஷூவைக் கழற்றினார். அறுபதில் பலகையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். பிறகு குறட்டை கேட்டது. நானும் விரிப்பை எடுக்காமல், அத்தானும் அசையாமல், அப்படியே நின்றோம். ஒரு தும்மல் வந்தது அவருக்கு. அதைத் தும்மாமல் விழுங்கினார். மனிதனுக்கு அவ்வளவு கஷ்டம் வரக்கூடாது.

நான்கு மணிக்கு அதிகாரி எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கொஞ்சம் விழித்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். அத்தான் பயத்தில் ஒன்றரை என்பதை விரலால் காட்டினார், அரைக்கு ஒரு விரலை மடித்து.

"ரெண்டு வருஷமா நான் இப்படித் தூங்கினதே இல்ல. இதுதான் சார் இடம். மத்த ஒன்பதையும் எடுத்துட்டு இதை மட்டும் போட்டாக்கூடத் தப்பில்ல" என்று சொல்லிப் பத்தாவது சரியைப் போட்டார். மற்ற ஒன்பதைவிட அது பெரியதாக இருந்ததாம்.

அத்தான் அன்றைக்கு வீட்டில் பேசின பேச்சு, பொத்தி வைத்த ஒன்றரை மணிக்கும் வட்டி போட்டு வந்த பேச்சு. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வீடு மாதிரி இருந்தது. அக்கா அட்டையை மறுபடி ஒரு முறை துடைத்துக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அமைதி முனையை அரசு அங்கீகரித்துவிட்டது. முதலில் துணிக் கொடியை அகற்றச் சொன்னார்கள், பார்வைக்கு நன்றாக இல்லையாம். பிறகு சுவருக்கு வண்ணம், மேடையைச் சுற்றிக் கம்பி வேலி, உட்கார வரிசையாகப் பெஞ்சு, நுழைவுச் சீட்டுக் கொடுக்க ஒரு கூண்டு, அதன் முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு, கூண்டின் மேல் ஓர் ஒலிபெருக்கி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அது சொல்லும்: 'தயவுசெய்து அமைதி காக்கவும்.' கடல் பேசும் நாம் கேட்போம் என்ற வரியைப் பலகையில் பெரிதாக எழுதினார்கள். மஞ்சள் கோட்டுக்கு அப்பால் வழிகாட்டிகள் பேசக்கூடாது என்று அதன் கீழே சிறிதாக எழுதினார்கள்.

கடைசியாக அத்தானுக்கு ஓர் உத்தரவு வந்தது. இடத்தைக் கண்டுபிடித்தவர் என்ற மரியாதையில் அவரை அங்கேயே நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். புது அட்டை, பெரியது, நாடாவும் புதியது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று, 'உஷ்' என்று எழுதிய பலகையை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

உத்தரவை இரண்டு முறை படித்துப் பார்த்த அக்கா சொன்னாள்: "ஊமை ஊரைக் கெடுக்கும்னு எத்தனை தரம் சொல்லியிருப்பீங்க. இப்பப் பாருங்க, ஊரே சேர்ந்து உங்களை ஊமையாக்கிடுச்சு."

அட்டை கிடைத்துவிட்டது, அதனால் அவரால் கோபப்படவும் முடியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு போனார். முதல் வாரம் கண்ணாலும் புருவத்தாலும் மேடையின் வரலாற்றைச் சொல்லப் பார்த்தார். பார்த்தவர்கள் அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று தண்ணீர் கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஐந்து மணிக்குத் திறந்த குழாய் அக்கா தூங்கும்வரை ஓடியது. நான்காம் நாள் அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு, "நான் அந்த முனையிலேயே போய்ப் படுத்துக்கிறேன், அங்கதான் நீங்க பேசமாட்டீங்க" என்று கிளம்பிவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

அடுத்த பருவத்தில் ஏழாம் எண் அம்மாள் மறுபடி வந்தார்கள். பழைய நோட்டீஸின் நகலைப் பத்திரமாக வைத்திருந்து, முனைக்குப் போய்வந்து பத்தாவது வட்டத்தில் பெருக்கல் குறியை அடித்துச் சரி போட்டார்கள். கூண்டில் இருந்த பார்வையாளர் புத்தகத்தில், 'இவ்வூர் வழிகாட்டிகளில் இவர் ஒருவரே சிறந்தவர், அளவோடு பேசுகிறார்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். அத்தானுக்கு அந்த வருஷத்தின் சிறந்த வழிகாட்டி என்று பாராட்டுக் கடிதம் வந்தது. விழாவில் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். சொல்லவில்லை.

துணிக் கொடி இப்போது லாட்ஜின் மொட்டை மாடியில் இருக்கிறது. இரண்டு மணிக்கு விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டு எங்கே போவது என்று எனக்குச் சில நாள் தெரியவில்லை. ஊர் முழுக்க அமைதியைத் தேடிக்கொண்டு முனையில் வரிசையில் நின்றது. அதனால் மற்ற ஒன்பது இடமும் காலியாகக் கிடந்தது. நான் முதலைக் குளத்துக்குப் போனேன். ஒருவரும் இல்லை. முதலை வழக்கம்போல் படுத்திருந்தது. ஐஸ்கிரீம் வண்டியும் முனைக்குப் போய்விட்டது. குளத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்தால் தண்ணீரில் இலை விழுவதுகூடக் கேட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் இரண்டரை மணிக்கு அத்தான் அங்கே வந்தார். அவருக்கு மதியம் அரைமணி ஓய்வு. பலகையைக் கையிலேயே எடுத்து வந்திருந்தார். என்னைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை. கட்டைச்சுவரின் மறுகோடியில் உட்கார்ந்து, பலகையை எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தார். பேசப் போகிறார் என்று நான் எழுந்துகொள்ளத் தயாரானேன். அவர் பேசவில்லை. முதலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் கேட்காத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

"இதுக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

நான் மறுபடி உட்கார்ந்தேன். அவருடைய அரைமணியில் மிச்சமும் அப்படியே போனது. எழுந்து பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, "இந்த மாதிரி ஒரு இடம் இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

"நோட்டீஸ்ல மூணாவது வட்டம், அத்தான்" என்றேன்.